சோங் எழுதிய 2340ஆம் வரி

1

கோலாலம்பூருக்கு வந்து இந்த மாதத்தோடு ஐந்து வருடம். காலையில் மீனா சேமியா பாயசம் வைத்து, ஐந்து வருடம் தாக்குப் பிடித்ததற்கு என்று சொல்லி டம்ளரை நீட்டினாள். யார் எதைத் தாக்குப் பிடித்தது என்று அவள் விளக்கவில்லை. மனைவி பாயசம் தரும்போது நானும் விளக்கம் கேட்பதில்லை.

திருச்சியிலிருந்து வரும் கடிதங்களில் நண்பர்கள் தவறாமல் கேட்பது, அங்கே உனக்கு என்னதான் வேலை என்று. கம்ப்யூட்டரில் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவேன். அது அவர்களுக்குப் போதவில்லை. அப்பாவிடம் போய்க் கேட்டிருக்கிறார்கள். அவர் ஒரு நொடிகூட யோசிக்காமல், அவன் அங்கே கூட்டல் போடுகிறான் என்று சொல்லியிருக்கிறார். கடிதத்தில் அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. பட்டம் வாங்கி, கடல் தாண்டி, குளிர்சாதன அறையில் உட்கார்ந்து செய்வதைக் கூட்டல் என்கிறாரே என்று.

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பே இல்லை. போன வருடம் ஒரு கூட்டலால்தான் நானும் மீனாவும் எங்கள் மகள் வித்யாவும் பெட்டி கட்ட இருந்தோம். நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதால் அதை எழுதிவிடுகிறேன். அப்பாவிடம் மட்டும் காட்ட வேண்டாம்.

2

எங்கள் அலுவலகம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடையின் மாடியில் இருக்கிறது. மல்லிகை வாசனையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஆட்கள் உலகத்தில் குறைவாகத்தான் இருப்பார்கள். முதலாளி தேவராஜ், செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த ஒருவரின் மகன், இங்கேயே பிறந்து வளர்ந்தவர். நாங்கள் பாஸ் என்று கூப்பிடுவோம். ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி, ஆங்கிலத்தில் நடத்தி, மலாயில் கொண்டுபோய் முடிப்பார். வந்த புதிதில் முன்பாதியைப் புரிந்துகொண்டு பின்பாதிக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். அப்படி ஆட்டிய தலையில் விழுந்த வேலைகளில் ஒன்று கிள்ளான் வேலை.

பக்கத்து ஊரான கிள்ளானில் பிரசவத்துக்குப் பெயர் வாங்கிய தனியார் மருத்துவமனை ஒன்று. பெயர் வேண்டாம். அதை நடத்துபவர் டாக்டர் ஓங், லண்டனில் படித்தவர். வருகிற நோயாளிக்கெல்லாம் ஒரு அட்டை, அட்டையில் ஏழு எண்கள். அந்த எண்களைக் கவனித்துக்கொள்ள ஒரு பழைய கம்ப்யூட்டர் பேசிக் மொழியில் எழுதிய புரோகிராமோடு ஓடிக்கொண்டிருந்தது. ஓடியது என்பதைவிட இருமிக்கொண்டு நடந்தது என்று சொல்லலாம். டாக்டர் புதிதாக மூன்று கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். அவற்றுக்காக எல்லாவற்றையும் சி மொழியில் மாற்றித் தர வேண்டும்.

பழையதை எழுதியவர் பெயர் சோங். குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்கு, பெர்த் நகரத்துக்குக் குடிபோய்விட்டார். அவர் விட்டுப்போனது பச்சைக்கோடு போட்ட அகலத் தாளில் அச்சடித்த புரோகிராம் மட்டும். எங்கேயும் ஒரு குறிப்பு இல்லை. இவர் இங்கிருந்து போக, நான் இங்கே வந்து அவருடைய காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த மாதக் கடைசியில் என் வேலை பெர்மிட் முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமென்றால் முதலாளி கடிதம் தர வேண்டும். நான் கேட்டபோது பாஸ் மறுக்கவில்லை. நாற்காலியைப் பின்னால் சாய்த்துக்கொண்டு சொன்னார்:

"கிள்ளான் டாக்டர் ஓகேன்னு சொல்லட்டும், அன்னிக்கே லெட்டர் சைன் பண்றேன். அது ஊத்திக்கிச்சின்னா உங்கள என்ன சொல்லி வெச்சிக்கிறது, ரகு? கம்பெனியே இருக்குமான்னு தெரியாது லா."

அவர் மிரட்டவில்லை, இருக்கும் நிலைமையைச் சொன்னார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது. என் பெர்மிட் போனால் மீனாவும் எட்டு வயது வித்யாவும் இங்கே இருக்க முடியாது. வித்யா அப்போதுதான் இரண்டாம் வகுப்புக்குப் போயிருந்தாள். சாத்து, டுவா, தீகா என்று மலாயில் எண்ணிக்கொண்டு கயிறு தாண்டுவாள். தமிழில் எண்ணச் சொன்னால், கயிறு அவ்வளவு மெதுவாகச் சுற்றாது என்பாள். திருச்சி வேலைக்கு நான் ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு வந்தாயிற்று. திரும்பிப் போனால் அப்பாவின் ஓய்வூதியத்தில் மூன்று பேர் கூடுதலாகச் சாப்பிட வேண்டும்.

3

அட்டையின் ஏழாவது எண், சரிபார்க்கும் எண். அது என்ன என்று கேட்பவர்களுக்கு: நம் ஊரில் வண்டி எண்ணைக் கூட்டிப் பார்ப்போமே, அதற்குக் கொஞ்சம் படித்த தம்பி இது. அட்டையின் முதல் ஆறு எண்களை ஏழு, ஆறு, ஐந்து என்று இறங்குமுகமாகப் பெருக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி, பதினொன்றால் வகுத்து, மிச்சத்தை ஏழாவது எண்ணாகக் கடைசியில் ஒட்ட வேண்டும். மிச்சம் பத்து வந்தால் பூஜ்யம். மேசையில் இருப்பவர் அவசரத்தில் ஓர் எண்ணை மாற்றித் தட்டினால் கணக்கு இடித்து, கம்ப்யூட்டர் கத்தும். ஒருத்தியின் ரத்த வகை இன்னொருத்தியின் பெயரில் ஏறாமல் இருக்க அந்தக் கடைசி எண்தான் காவல்.

என் அப்பா பஸ் டிக்கெட்டைக்கூட கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். ஆக, இந்தத் தொழில் எனக்குப் பரம்பரை என்றே சொல்லலாம்.

சோங்கின் புரோகிராமில் இந்தக் கணக்கு மட்டும் பதினைந்து வரி; வரிகளுக்குப் பத்துப் பத்தாக எண் போட்டிருந்தார். பேசிக் ஒன்றிலிருந்து எண்ணும், சி பூஜ்யத்திலிருந்து எண்ணும். இந்த இடத்தில்தான் பலபேர் வழுக்கி விழுவார்கள். நான் விழவில்லை. விழவில்லை என்ற பெருமையில் மத்தியானம் பூக்கடைக்குப் பக்கத்தில் இரண்டு வடை கூடுதலாகச் சாப்பிட்டேன். அதற்குப் பிறகுதான் 2340ஆம் வரிக்கு வந்தேன்.

கணக்கெல்லாம் முடிந்து மிச்சம் கைக்கு வந்த பிறகு, சோங் ஒரு வரி எழுதியிருந்தார். மிச்சம் நாலு என்றால் அதை எட்டு என்று மாற்று. அவ்வளவுதான். ஏன் என்று ஒரு சொல் இல்லை.

நான் அந்த வரியை வெகுநேரம் பார்த்தேன். நாலும் எட்டாகி, எட்டும் எட்டாகவே இருந்தால் காவல் பாதி தூங்கிவிடும். பத்துக்கு ஓர் எண்ணின் இடம் போதாது, அதனால் பூஜ்யம்; அப்படி ஒரு காரணம் இல்லாமல் இரண்டு வெவ்வேறு மிச்சத்துக்கு ஒரே எண் வருவது கணக்குத் தெரிந்தவன் செய்கிற காரியம் இல்லை. எப்போதோ எதையோ சோதிப்பதற்காகப் போட்டு, எடுக்க மறந்துவிட்டார் என்று முடிவு செய்தேன். பாவம், ஊர் மாறுகிற அவசரத்தில் மறந்திருப்பார் என்று மனதுக்குள் மன்னித்தும் விட்டேன். சி மொழியில் அந்த வரி வரவில்லை.

சோதித்துப் பார்க்காமல் இல்லை. ஐம்பது பழைய அட்டை எண்களைக் கொடுத்துப் பார்த்தேன். நாற்பத்தைந்து பொருந்தின. பொருந்தாத ஐந்தும் எட்டில் முடிந்தன. பார்த்தீர்களா, பழைய பிழை என்று எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. அறிக்கையில் மூன்றாம் பக்கத்தில், பழைய புரோகிராமில் இருந்த பிழை திருத்தப்பட்டது, பிழையான அட்டைகளை மாற்றித் தர வேண்டும் என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். பாஸ் அறிக்கையைக் கையில் எடுத்து எடை பார்த்துவிட்டு, நல்லா இருக்கு என்றார். டாக்டருக்கும் ஒரு பிரதி போனது. மூன்றாம் பக்கம்வரை யாரும் போகவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

4

ஒரு திங்கட்கிழமை காலை, பாஸின் காரில் கிள்ளானுக்குப் போனோம். அதற்கு முந்தைய சனி, ஞாயிறில் புதிய கம்ப்யூட்டர்களில் எல்லாவற்றையும் ஏற்றி வைத்திருந்தேன். மீனா நெற்றியில் விபூதி வைத்து அனுப்பினாள். அறிவியலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று நான் சொல்லவில்லை. பெர்மிட் முடிய பதினெட்டு நாள் இருந்தது.

பதிவு மேசையில் புஷ்பா அக்கா. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், கிள்ளானிலேயே பிறந்தவர். அந்த மருத்துவமனை திறந்த நாளிலிருந்து அந்த நாற்காலியில் இருக்கிறார். மலாய், தமிழ், சீனர்கள் பேசும் ஹொக்கியன், ஆங்கிலம் என்று எதிரில் நிற்கிற முகத்தைப் பார்த்து மொழியை மாற்றுவார். நான் இரண்டு கம்ப்யூட்டர் மொழியை வைத்துக்கொண்டு இந்தப் பாடு படுகிறேன்.

முதல் ஆறேழு பேர் சிக்கல் இல்லாமல் போனார்கள். அடுத்து வந்த பெண்ணின் அட்டை எட்டில் முடிந்தது. புஷ்பா அக்கா எண்ணைத் தட்டினார். கம்ப்யூட்டர் கத்தியது. மறுபடி தட்டினார், மறுபடி கத்தியது. அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது முறை தட்டினார். பிறகு நிதானமாக என் பக்கம் திரும்பினார்.

பழைய அட்டையில் பிழை இருக்கிறது, மாற்றிக் கொடுத்துவிடலாம் என்று நான் விளக்கினேன். அந்தப் பெண் இரண்டு பிள்ளைகளை இதே அட்டையில் பெற்றவர் என்று அக்கா எனக்கு விளக்கினார். பத்து மணிக்குள் இன்னும் மூன்று அட்டைகள் இப்படிக் கத்தின. வரிசை கதவைத் தாண்டி வெளியே போனது. நிறைமாத வயிற்றோடு நிற்கிறவர்களின் வரிசை. அவர்களுடைய புருஷன்மார்கள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

அதைக்கூட சமாளித்திருப்பேன். பத்தரை மணிக்கு ஒரு சீனக் குடும்பம் வந்தது. மருமகளுக்கு முதல் பிரசவம். மாமியார் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைத்தார். புதிய நோயாளி என்பதால் என் புரோகிராம் தானாக ஒரு புதிய எண்ணைப் போட்டு, பளபளவென்று ஒரு அட்டையை அச்சடித்துத் தந்தது. புஷ்பா அக்கா அதைப் பார்க்காமலே நீட்டிவிட்டார். இத்தனை வருடம் பார்க்கத் தேவையிருந்ததில்லை. மாமியார் வாங்கிப் பார்த்தார். முகம் மாறியது. அட்டையை மேசையில் கவிழ்த்துப் போட்டார், தொடக்கூட விரும்பாதவர் போல. ஹொக்கியனில் நாலு சொல் பேசினார். மருமகள் அழ ஆரம்பித்தாள். இரண்டே நிமிடத்தில் மூன்று பேரும் காரில் ஏறி வேறு மருத்துவமனைக்குப் போய்விட்டார்கள்.

அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். என் கணக்குப்படி மிகச் சரியான எண். நாலில் முடிந்திருந்தது.

5

டாக்டர் ஓங் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பழைய கம்ப்யூட்டரைத் திரும்ப மேசைக்குக் கொண்டுவரச் சொன்னார். உங்கள் புரோகிராம் எனக்கு வேண்டாம் என்று பாஸிடம் அமைதியான ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அறைக்குள் போனார். பாஸ் என்னைப் பார்க்கவே இல்லை. பதினெட்டு நாள் அந்த நிமிடத்தில் பூஜ்யமானது போல இருந்தது. பையிலிருந்து சோங்கின் தாளை எடுத்து மேசையில் விரித்தேன்.

புஷ்பா அக்காவுக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். ஒரு தேத்தண்ணி வரவழைத்துக் கொடுத்து, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். தாளில் 2340ஆம் வரியைக் காட்டி, இதை எடுத்துவிட்டேன் என்றேன். நாலை எட்டாக்குகிற வரி என்று சொன்னதும் அவர் தாளைப் பார்க்கக்கூட இல்லை.

"நாலு வராது தம்பி. இங்க எந்த அட்டையிலயும் கடைசில நாலு வராது. சீனவங்களுக்கு அது சாவு நம்பரு, அவங்க பாஷையில ரெண்டுக்கும் ஒரே மாதிரி சத்தம். புள்ள பெத்துக்க வர்ற பொண்ணு கையில அதக் குடுப்பாங்களா? எட்டுன்னா அவங்களுக்கு ராசி. அதான் சோங் அப்படிப் போட்டிருப்பாரு. நீங்க ஊர்லருந்து வந்தவங்களா?"

இங்கே ஊர் என்றால் இந்தியா. ஆமாம் என்று தலையாட்டினேன். அந்த ஒரு பதிலில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது போல இருந்தது. நடுவில் நாலு வந்தால் பரவாயில்லையாம், முடிவில்தான் கூடாதாம். எட்டு ஆகாது என்கிற நம்ம ஆட்கள் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பழைய முறையில் அட்டைகளை முன்னாலேயே அடித்து அடுக்கி வைத்திருப்பாராம். தமிழ்க் குடும்பம் வந்தால் எட்டில் முடிகிற அட்டையைச் சத்தமில்லாமல் அடியில் தள்ளிவிட்டு அடுத்ததை எடுத்துக் கொடுப்பாராம். அந்த எட்டு அடுத்து வரும் சீனக் குடும்பத்துக்குப் போய், அவர்கள் சந்தோஷப்படுவார்களாம். இப்படி எத்தனையோ வருடம் யாருக்கும் மனம் நோகாமல் ஓடியிருக்கிறது.

நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில், லிப்டில் மூன்றுக்கு அடுத்த பொத்தான் 3ஏ. அதற்கு அடுத்தது ஐந்து. நாங்கள் இருப்பதே 3ஏயில்தான். வந்த நாளிலிருந்து தினமும் இரண்டு வேளை அந்தப் பொத்தானை அமுக்குகிறேன். கட்டியவர்கள் ஒரு மாடியைப் பிறகு செருகியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. திருச்சியில் நான் ஆறு வருடம் பதிவு செய்து காத்திருந்து ஒரு ஸ்கூட்டர் வந்தது. எண்ணைக் கூட்டினால் எட்டு. அப்பா அதை வீட்டு வாசலில் நிறுத்தவிடவில்லை. அதை வந்த விலைக்கு ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, நான் மறுபடி பஸ்ஸில் போனேன். அந்த வீட்டில் பிறந்தவன், ஓர் எண்ணை எண்ணாக மட்டும் பார்க்க வேண்டும் என்று கிள்ளானுக்குப் பாடம் நடத்த வந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

6

சாயங்காலத்துக்குள் வரியைத் திரும்பப் போட்டேன். சி மொழியில் அதற்கு அரை நிமிடம் போதும். எட்டு வேண்டாதவர்களுக்காக, ஒரு பொத்தானை அமுக்கினால் அடுத்த எண்ணைத் தருகிற மாதிரி ஒன்றும் சேர்த்தேன். தள்ளி வைத்த எண் அடுத்து வருகிறவருக்குப் போகும். அது புஷ்பா அக்காவின் முறைதான், நான் மொழிபெயர்த்தது மட்டும்தான்.

சோங்கின் மேல் காலையிலிருந்து இருந்த கோபம் அப்போதுதான் தணிந்தது. அவர் ஏன் ஒரு குறிப்பும் எழுதவில்லை என்பது புரிந்தது. மழை வந்தால் குடை பிடி என்று யாரும் எழுதி ஒட்டுவதில்லை. இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அந்த வரியில் விளக்க எதுவும் இல்லை. இப்போது அவர் பெர்த்தில் எவனோ ஒரு வெள்ளைக்காரன் எழுதிய வரியைப் பிழை என்று எடுத்துக்கொண்டிருப்பார். எடுத்திருந்தால் அங்கேயும் ஒரு புஷ்பா அக்கா அவருக்குக் கிடைக்கட்டும்.

நான் மட்டும் குறிப்பு எழுதினேன். அந்த வரிக்கு மேலே, இதை எடுக்காதே, ஏன் என்று புரியாவிட்டால் பதிவு மேசையில் புஷ்பாவைக் கேள் என்று ஆங்கிலத்தில். அக்காவிடம் காட்டினேன். கம்ப்யூட்டருக்குள் தன் பெயர் இருப்பதில் அவருக்குப் பரம திருப்தி. அவரே டாக்டரின் அறைக்குள் போய், இன்னொரு நாள் தரச் சொல்லி வாங்கிவந்தார். நான் கேட்டிருந்தால் கிடைத்திருக்காது.

மறுநாள் டாக்டர் ஓங் தாமே பதிவு மேசைக்குப் பின்னால் வந்து நின்றார். மத்தியானம்வரை ஒரு அட்டையும் கத்தவில்லை. தமக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று என்னிடம் சொன்னார். ஆனால் பிரசவ வலியோடு வருகிற பெண்ணிடம் அதைப் பற்றி வாதம் செய்ய அவர் தயாராக இல்லையாம். பிறகு ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

7

கடிதம் எழுதும் வேலை எனக்கே வந்தது. பாஸுக்குக் கடிதம் எழுதப் பிடிக்காது, படிக்கவும் பிடிக்காது என்பது என் அறிக்கையை அவர் எடை பார்த்ததிலேயே தெரிந்ததுதான். குடிநுழைவுத் துறையின் படிவத்தை என் மேசையில் போட்டு, எல்லாவற்றையும் தட்டச்சு செய்து கொண்டுவரச் சொன்னார். பெயர், பிறந்த தேதி, கடப்பிதழ் என்கிற பாஸ்போர்ட்டின் எண் எல்லாம் வேகமாகப் போயின. கடைசியில் ஒரு கேள்வி. இந்த வேலைக்கு உள்ளூர்க்காரரை ஏன் நியமிக்கவில்லை, இவரிடம் இருக்கும், உள்ளூர்க்காரர்களிடம் இல்லாத தகுதி என்ன?

அந்தக் கட்டத்துக்கு முன்னால் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நாலு கூடாது என்பது புஷ்பா அக்காவுக்குத் தெரியும், பாஸுக்குத் தெரியும், அந்த மாமியாருக்குத் தெரியும். முந்தின ராத்திரி வீட்டில் விசாரித்ததில் வித்யாவுக்கும் தெரிந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் சீனத் தோழிக்கு நாலு ரப்பர் கொடுக்கக் கூடாது என்று அவளுக்கு ஒரு வருடத்துக்கு முன்பே யாரோ சொல்லியிருக்கிறார்கள். மீனா பாசார் என்கிற சந்தையில் மீன்காரரிடம் மலாயில் பேரம் பேசி இதைவிடப் பெரிய விஷயங்களைக் கற்று வைத்திருக்கிறாள். கிள்ளானில் அத்தனை பேருக்கும் தெரிந்த ஒன்று எனக்கு மட்டும் தெரியாமல்தான் இத்தனை கலவரம். அதை வைத்துக்கொண்டு, என்னிடம் மட்டும் இருக்கும் தகுதி என்று எதை எழுதுவது?

ஆனால் வித்யாவின் பள்ளிக்கூடம் இருந்தது, மீனா இருந்தாள், திருச்சியில் திரும்ப ஏற இடமில்லாத வேலை இருந்தது. வெட்கத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுத் தட்டினேன். இந்த வேலையை இவர் செய்ததுபோலச் செய்ய உள்ளூரில் ஒருவரும் இல்லை.

கொண்டுபோய் நீட்டினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக பாஸ் ஒரு தாளை முழுவதும் படித்தார். கடைசிக் கட்டத்தில் விரல் நின்றது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு பேனா மூடியைக் கழற்றினார்.

"கரெக்ட்தான், ரகு. லோக்கல் ஆளு எவனும் அந்த வரிய எடுத்திருக்க மாட்டான்."

கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, என் கையில் கொடுத்தார்.